நெய்வேலியில் அவசரம் என்றால் எத்தனை ஆஸ்பத்திரிகள் கைகோர்க்க வேண்டும்? சிகிச்சையின் தரம் எங்கே தீர்மானமாகிறது?

2020 ஜூலை 1-ம் தேதி காலை. நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தின் 5-வது யூனிட்டில் பாய்லர் பகுதி வெடித்தது. 6 தொழிலாளர்கள் அங்கேயே உயிரிழந்தனர். 17 பேர் தீக்காயம் அடைந்தனர். காயமடைந்தவர்கள் உயர் சிகிச்சைக்காகச் சென்னையில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தனர். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 7-ம் தேதிதான், அதே மின் நிலையத்தில் இன்னொரு பாய்லர் விபத்தில் 8 பேர் காயமடைந்திருந்தனர்.

விபத்துக்கு யார் பொறுப்பு, இழப்பீடு எவ்வளவு, பராமரிப்பு சரியாக நடந்ததா என்பதெல்லாம் அப்போது நிறையவே பேசப்பட்டது. பேசப்படாமல் போன விஷயம் ஒன்று உண்டு. நெய்வேலியில் இருந்து சென்னை சுமார் 200 கிலோமீட்டர். அந்த 200 கிலோமீட்டரில் ஒரு நோயாளிக்கு என்ன நடக்க வேண்டும்? அதை யார் முடிவு செய்வது?

தீக்காயத்தை எடுத்துக்கொண்டால் இது எவ்வளவு முக்கியம் என்பது புரியும். பெரிய தீக்காயத்தில் உடலில் இருந்து நீர்ச்சத்து வேகமாக வெளியேறும். டிரிப்ஸ் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதற்கு டாக்டர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. பெயர் பார்க்லேண்ட் கணக்கு. நோயாளியின் எடை, எரிந்த பகுதியின் சதவீதம், இரண்டையும் பெருக்கி அதை 4-ஆல் பெருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதக் காயம் என்றால் முதல் 24 மணி நேரத்துக்கு 9,600 மில்லி லிட்டர். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்திலேயே கொடுத்தாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் இருந்து தொடங்குவதில்லை, தீப்பட்ட நிமிடத்தில் இருந்து தொடங்குகிறது. முதல் ஆஸ்பத்திரியில் எவ்வளவு ஏற்றினார்கள், ஆம்புலன்ஸில் எவ்வளவு போனது, சிறுநீர் எவ்வளவு வந்தது என்ற குறிப்பு நோயாளியுடன் போகாவிட்டால், சென்னையில் எவ்வளவு கைதேர்ந்த டாக்டர் இருந்தாலும் அவர் பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஒரு சீட்டில் நான்கு வரி. அதில் ஒரு உயிர் தொங்குகிறது.

ஒரு ஊர், எத்தனை நிர்வாகம்?

நெய்வேலி, பிளாக் நம்பர் போட்டு வரிசையாகக் கட்டப்பட்ட டவுன்ஷிப். 1956-ல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனம், இப்போதைய என்.எல்.சி. இந்தியா, சுரங்கத்தோடும் மின் நிலையத்தோடும் சேர்த்து ஒரு நகரத்தையே உருவாக்கியது. பள்ளி, மார்க்கெட், ஸ்டேடியம் எல்லாம் உண்டு. ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் சொந்தமாகப் பொது மருத்துவமனையும் உண்டு. இது மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம். நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டி வெளியே வந்தால் கதை மாறுகிறது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் மாநில அரசின் பொது சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் அரசு மருத்துவமனைகளும் கடலூர் தலைமை மருத்துவமனையும் இன்னொரு இயக்குநரகத்தின் கீழ் இயங்குகின்றன. சிதம்பரத்தில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியும் விழுப்புரம் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியும் மூன்றாவதாக, மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. சிதம்பரம் கல்லூரி சில ஆண்டுகள் முன்பு வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது. கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகுதான் 2021-ல் சுகாதாரத் துறையிடம் வந்தது.

அந்தப் பக்கம் புதுச்சேரியில் ஜிப்மர். அது மத்திய சுகாதார அமைச்சகத்தின் நிறுவனம், யூனியன் பிரதேச எல்லைக்குள் இருக்கிறது. 108 ஆம்புலன்ஸை அரசுக்காக நடத்துவது தனி அமைப்பு. இ.எஸ்.ஐ. தொழிலாளர் துறையின் கீழ். இவை போக வழியெங்கும் தனியார் ஆஸ்பத்திரிகள்.

நோயாளிக்கு இதெல்லாம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் நிரந்தர ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளி, பக்கத்துக் கிராமத்து முந்திரிக்காட்டு விவசாயி என்று மூன்று பேர் ஒரே சாலையில் ஒரே விபத்தில் சிக்கினால், மூவர் கையிலும் இருக்கும் அட்டை வேறு, போகும் வாசல் வேறு. இத்தனை வாசல்களையும் ஒரே வீடு மாதிரி வேலை செய்ய வைப்பதுதான் தலைமை என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைத்துவிடலாமா?

‘நேரத்துக்குக் கொண்டுபோயிருந்தா காப்பாத்தியிருக்கலாம்’ என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழுக்காக நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை இந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தது. உரிய சிகிச்சை இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களை அது கணக்கிட்டது. 2016-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மருத்துவ உதவி கிடைக்காததால் இறந்தவர்கள் சுமார் 8.38 லட்சம் பேர். மருத்துவ உதவி கிடைத்தும் அதன் தரம் போதாததால் இறந்தவர்கள் சுமார் 16 லட்சம் பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

தரம் என்றதும் ஏ.சி. வார்டும் புது ஸ்கேன் மெஷினும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த 16 லட்சத்தில் பெரும்பகுதி மெஷின் பிரச்சினை இல்லை. தாமதமாகக் கண்டுபிடிப்பது, தவறான இடத்துக்கு அனுப்புவது, ஒருவர் கவனித்ததை இன்னொருவரிடம் சொல்லாமல் விடுவது போன்ற காரணங்கள் அவை. இதைச் சரிசெய்ய முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது.

ஒரு தாய் இறந்தால், கலெக்டர் மேஜைக்கு வரும் ஃபைல்

2001-03 காலகட்டத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆனது. அதே காலத்தில் நாட்டின் சராசரி 301-ல் இருந்து 97-க்கு வந்தது. மத்திய அரசின் மாதிரிப் பதிவு அமைப்பு தரும் எண்கள் இவை.

இந்த இறக்கத்துக்குக் காரணங்கள் பல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸ்களை ஷிப்ட் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது ஒன்று. ரத்தம், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் வசதி எல்லாம் இரவிலும் இருக்கும் ‘சீமாங்க்’ மையங்களை மாவட்டங்களில் அமைத்தது இன்னொன்று. 1995-ல் இருந்து மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து கிராமம் வரை கொண்டுசேர்க்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஊசி மருந்து இல்லாத பிரசவ அறையில் எந்தத் தலைமையும் எடுபடாது.

ஆனால் இவற்றையெல்லாம் இழுத்துப் பிடித்த கயிறு வேறு. 1990-களின் நடுவில் இருந்தே தமிழ்நாடு ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக ஆராயத் தொடங்கியது. ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போக வேண்டும். வீட்டுக்குப் போய்க் குடும்பத்திடம் நடந்ததைக் கேட்டு எழுதுவார்கள். ஆஸ்பத்திரியில் தனியாக ஆய்வு நடக்கும். பிறகு மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கூட்டம். கிராம நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர், மருத்துவக் கல்லூரி டாக்டர் என மூன்று இயக்குநரகங்களின் ஆட்களும் ஒரே அறையில் உட்கார வேண்டும். இறந்த பெண்ணின் உறவினரையும் அழைத்துப் பேசச் சொல்வார்கள்.

அந்த அறையில் கேட்கப்படும் கேள்விகள் எளிமையானவை. போக வேண்டும் என்று வீட்டில் முடிவெடுக்க எவ்வளவு நேரமானது? வண்டி கிடைத்து வந்து சேர எவ்வளவு நேரமானது? வந்த பிறகு சிகிச்சை தொடங்க எவ்வளவு நேரமானது? மருத்துவ உலகில் ‘மூன்று தாமதங்கள்’ என்று சொல்லப்படும் இந்தக் கேள்விகளைத் தொடர்ந்து கேட்டால் ஓட்டை எங்கே என்பது தெரிந்துவிடும். ரத்தம் இல்லை என்றால் ரத்த சேமிப்பு மையம் வேண்டும். மூன்று ஆஸ்பத்திரி மாற்றி அனுப்பியிருந்தால் முதலிலேயே சரியான இடத்துக்கு அனுப்பும் விதி வேண்டும். இந்த ஆய்வு முறையை 2010-ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் வழிகாட்டுதலாக்கியது.

கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே வேறு குரலும் உண்டு. கலந்தாய்வு என்று சொல்லிவிட்டு விசாரணை மாதிரி நடத்துகிறார்கள், ஒரே மரணத்துக்குப் பல கமிட்டிகள் முன் நிற்க வைக்கிறார்கள், மருத்துவம் தெரியாதவர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்று அரசு டாக்டர் சங்கங்கள் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்துள்ளன. இது அலட்சியப்படுத்தக்கூடிய புகார் இல்லை. திட்டு விழும், மெமோ வரும் என்று பயந்தால் டாக்டர் என்ன செய்வார்? சிக்கலான கேஸை நள்ளிரவில் தொடவே தயங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். தன் வாசலில் மரணம் நடக்கக் கூடாது என்பதற்காக நோயாளியை ரோட்டில் சாக விடும் நிலை அது. அப்போது ஆய்வு, தான் தடுக்க வந்ததையே வளர்க்கும்.

கேரளா இன்னொரு வழியைப் பிடித்தது. அங்கே மகப்பேறு டாக்டர்களின் சங்கமே 2004-ல் இருந்து ரகசிய ஆய்வு நடத்துகிறது. நோயாளி பெயர், டாக்டர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் எல்லாம் நீக்கப்பட்ட பிறகுதான் கேஸ் ஷீட் ஆய்வுக்கு வரும். யார் தவறு என்பதல்ல, எது தவறு என்பதுதான் கேள்வி. கேரளத்தில் 2001-03-ல் 110 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம் 2018-20-ல் 19. தனியார் ஆஸ்பத்திரிகளும் மனம் திறந்து பங்கேற்றதற்கு இந்த ரகசியம் ஒரு முக்கியக் காரணம்.

ஆட்சியர் தலைமையிலான முறைக்கு வேகம் அதிகம். ஆம்புலன்ஸ், ரோடு, ஆள் நியமனம் என்று டாக்டரால் தீர்க்க முடியாததை ஆட்சியர் ஒரே உத்தரவில் தீர்க்கலாம். டாக்டர்களே நடத்தும் முறையில் உண்மை அதிகம் வெளிவரும். தமிழ்நாட்டுக்கு இப்போது தேவை இரண்டாவதில் இருந்து கொஞ்சம் கடன் வாங்குவது.

மாரடைப்பு: பெரிய ஆஸ்பத்திரியும் சின்ன ஆஸ்பத்திரியும் ஒரே டீம்

இதயத்தில் ரத்தக்குழாய் முழுசாக அடைத்துக்கொள்ளும் வகை மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கும். ஆஞ்சியோ வசதி உள்ள கேத் லேப் எல்லா ஊரிலும் இருக்காது. அதற்காக அடைப்பைக் கரைக்கும் ஊசிகூடப் போடாமல் நேராகப் பெரிய ஊருக்குக் கிளம்பினால் வழியிலேயே நேரம் போய்விடும்.

இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சோதனை நடந்தது. தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லாசரி உள்ளிட்ட இதய மருத்துவர்கள் முன்னெடுத்த இந்தத் திட்டத்தில், கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி சின்ன ஆஸ்பத்திரிகள் ஒரு சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி இணைக்கப்பட்டன. அரசு, தனியார் என்ற பேதம் இல்லை. சின்ன ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்ததும் அது பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போய்விடும். ஊசியை அங்கேயே போட்டு, பிறகு ஆம்புலன்ஸில் அனுப்பி ஆஞ்சியோ செய்வார்கள். செலவுக்கு முதலமைச்சர் காப்பீடு.

4 தொகுப்புகளில் 2,420 நோயாளிகளைப் பார்த்த இந்த ஆய்வு 2017-ல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தது. இணைப்புக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம். இணைப்புக்குப் பின் 14.2 சதவீதம். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஏற்கெனவே இருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நிகழும் மரணங்களில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. மறைக்காமல் சொன்னதால்தான் அந்த ஆய்வுக்கு மதிப்பு.

2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இன்னும் கீழே இறங்கியது. நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு, முதல் தவணையாக ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவார்கள். இதை வீட்டில் யாரும் தாங்களாகவே செய்து பார்க்கக் கூடாது. எல்லா நெஞ்சு வலியும் மாரடைப்பு இல்லை, சிலருக்கு இந்த மாத்திரைகளே ஆபத்தாகலாம்.

சாலை விபத்து: முதல் 48 மணி நேரம்

விக்கிரவாண்டியில் இருந்து பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகத் தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலையை இந்தப் பகுதி மக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நான்கு வழிச்சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்த சாலை அது. அங்கே அடிபடுபவர்களுக்கு இரண்டு விஷயங்கள் கைகொடுக்கும்.

ஒன்று, அரசு மருத்துவமனைகளில் கொண்டுவரப்பட்ட டி.ஏ.இ.ஐ. என்ற அவசர சிகிச்சை முறை. 108 வண்டியில் வரும்போதே ஆஸ்பத்திரிக்குத் தகவல் போய்விடும். வாசலில் இறங்கியதும் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு, நேராக உள்ளே. ஓ.பி. சீட்டு வாங்கி வரச் சொல்லி அலைக்கழிக்கும் பழைய முறைக்கு இதில் இடமில்லை.

இன்னொன்று, 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கும்போது 201 அரசு மருத்துவமனைகளும் 408 தனியார் மருத்துவமனைகளும் இதில் இருந்தன. ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. சாலையில் எல்லைக்கோடு தெரியாத கடலூர்-புதுச்சேரிப் பகுதிக்கு இது பெரிய விஷயம். 2025 மே மாதம் மத்திய அரசும் நாடு முழுவதற்குமாக, 7 நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவிக்கை செய்தது.

இதில் தனியாரைச் சேர்த்ததுதான் முக்கியமான முடிவு. அரசு ஆஸ்பத்திரி 30 கிலோமீட்டரில், தனியார் ஆஸ்பத்திரி 3 கிலோமீட்டரில் என்றால் ரத்தம் கொட்டும் ஆளுக்கு எது அரசு, எது தனியார் என்பதில் என்ன இருக்கிறது?

ஆபரேஷன் தியேட்டருக்குள் பேச யாருக்கு உரிமை?

கைகோர்ப்பு என்பது ஆஸ்பத்திரிகளுக்கு இடையில் மட்டுமில்லை, ஒரே அறைக்குள்ளும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது, மரணம் 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 சதவீதமானது. சிக்கல்கள் 11-ல் இருந்து 7 சதவீதமாகக் குறைந்தன. முடிவுகள் 2009-ல் வெளியாகின. பட்டியல் ஒரே ஒரு பக்கம்தான். கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு வரி.

சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நம் ஆஸ்பத்திரிகளில் பெரிய டாக்டர் முன்னால் நர்ஸ் வாய் திறப்பது எளிதா? ‘சார், பஞ்சு எண்ணிக்கை ஒண்ணு குறையுது’ என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். ஒருமுறை பெயரைச் சொல்லிப் பேசியவர் இரண்டாவது முறை எளிதாகப் பேசுவார். பட்டியலை டிக் அடித்து ஃபைலில் செருகிவிட்டால் இந்தப் பலன் கிடைக்காது. பெரிய டாக்டர் தானே நின்று கேட்டால்தான் கிடைக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

அவசரத்துக்கு முதலில் 108. எங்கே அடி, நினைவு இருக்கிறதா, எத்தனை மணிக்கு நடந்தது என்ற மூன்றையும் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரி என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கேளுங்கள். பக்கத்தில் இருப்பதா, தேவையான வசதி இருப்பதா என்பது காயத்தைப் பொறுத்தது.

ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொன்னால் மூன்று கேள்விகள் கேட்கலாம். அங்கே பேசி பெட் உறுதி செய்தாகிவிட்டதா? வண்டியில் நர்ஸோ டெக்னீஷியனோ கூட வருவாரா? இதுவரை கொடுத்த மருந்தும் நேரமும் எழுதிய ரெஃபரல் சீட்டு எங்கே? அந்தச் சீட்டை செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில் அடிபட்டவரைத் தூக்கிச் சென்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவுபவர் மீது வழக்குத் தொடரக் கூடாது என்கிறது. பெயர், முகவரி, போன் நம்பர் கொடுக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போகலாம்.